காற்றை எதிர்த்துப் போடுகிறவன்

“அவ வந்தாச்சுல்லா. இனி பாரு, பய பறப்பான்.”

இதுதான், அக்கா, முதலில் என் காதில் விழுந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இரண்டு பையன்கள் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பின்னால் வேறு யாராவது பெண் நிற்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். மதில்தான் இருந்தது.

உட்காருங்கள். அந்த நாற்காலியில் வேண்டாம், ஒரு கால் ஆடும். கட்டிலிலேயே உட்காருங்கள். சுடலைமணியின் அக்கா என்று நீங்கள் வாசலில் சொன்னதும் அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்திருப்பீர்கள். இப்போது அடுப்படியில் டீ போடுகிறாள், ஆனால் காது இங்கேதான் இருக்கும். அதனால் மெதுவாகப் பேசுகிறேன். சாதாரணமாகவே மெதுவாகத்தான் பேசுவேன், கேட்கவில்லை என்றால் சொல்லுங்கள்.

“எந் தம்பிய என்ன பண்ணுன?” என்று கேட்டீர்கள். நான் ஒன்றும் பண்ணவில்லை அக்கா. பார்த்தேன். பார்ப்பதுதான் என் வேலை. முதலிலிருந்து கேட்டால் உங்களுக்கே தெரியும், நான் அவனுக்கு நல்லதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. அவன் இவன் என்று சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். எங்கள் வேலையில் எல்லாப் பையன்களும் அவன்தான். தவிர, உங்கள் தம்பி என்னைவிட இரண்டு வயது சின்னவன்.

நான் ஒரு கிரிக்கெட் அணிக்கு ஸ்கவுட்டாக இருந்தேன். இதை இப்போது சொல்லலாம், அப்போது சொல்லக் கூடாது. சென்னையில் நந்தகோபால் சார் என்று ஒருவர், பழைய ஆட்டக்காரர். லீக்கில் ஆடும் ஓர் அணிக்கு ஆள் பிடித்துத் தருவது அவர் பொறுப்பு. எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்துவிட்டு நான் சும்மா இருந்தபோது இணையத்தில் விளம்பரம் பார்த்து எழுதிப் போட்டேன். கல்லூரியில் படிக்கும்போது ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதியிருக்கிறேன். சார் வீடியோவில் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் அவரே பேசினார். பிறகு, “நீ பேச மாட்டியாம்மா?” என்று கேட்டார். “தேவைப்பட்டா பேசுவேன் சார்” என்றேன். “ரொம்ப நல்லது” என்றார். அதற்காகவே எடுத்தார் என்று பிறகு தெரிந்தது.

ஏனென்றால், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் வந்து மைதானத்தின் ஓரத்தில் நின்றால் போதும், பையன்கள் ஸ்டம்பை மறந்துவிடுவார்கள். வேகம் பார்க்கிற கன் வந்திருக்கிறது என்று வாய்க்கு வாய் சேதி போய்விடும். அப்புறம் எல்லாரும் கன்னுக்குத்தான் போடுவார்கள். பந்து எங்கே விழுந்தாலும் சரி, எண் மட்டும் வர வேண்டும். அப்படி எடுத்த எண்ணை வைத்து ஒரு பையனை எடுத்தால், ஆட்டம் தொடங்கிய பிறகு அந்த வேகம் இருக்காது. அதனால் சார் என்ன சொல்வார் என்றால், “ஆள் பாக்கறது தெரியாம பாக்கணும். உன்னைப் பாத்தா யாராவது ஸ்கவுட்னு சொல்வாங்களா?” சொல்ல மாட்டார்கள்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் லீக்கில் ஏலம் கிடையாது, டிராஃப்ட். எல்லா அணிக்காரர்களும் ஒரு ஹாலில் உட்கார்ந்து முறை வைத்துப் பெயர் கூப்பிடுவார்கள். பந்தியில் வடைத்தட்டு வருகிற மாதிரி. நாம் கண் வைத்த வடையை நமக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் எடுத்துவிட்டால் போயிற்று. ஆகையால் ஒரு பையனை நாம் பார்க்கிறோம் என்பதே வெளியில் தெரியக் கூடாது. பையனுக்கும் தெரியக் கூடாது. சேரும்போதே அப்படிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

கன்னை ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு போவேன். பச்சையும் வெள்ளையுமாக அம்மா பின்னிய கூடை. உள்ளே துண்டைச் சுருட்டி வைத்து, அதன் மேல் கன்னைப் படுக்க வைத்து, வாய்ப்பக்கம் ஒயர் இடுக்குக்கு நேராக இருக்கும்படி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பிளாஸ்டிக் ஒயர் தடுக்காது, நன்றாகவே படிக்கும். குனிந்து துண்டைச் சரிசெய்கிற மாதிரி எண்ணைப் பார்த்துக்கொள்வேன். ஆனால் பந்து நம்மை நோக்கி நேராக வர வேண்டும். சாய்ந்து வந்தால் எண் குறைத்துக் காட்டும். உங்கள் தம்பியின் கல்லூரி மைதானத்தில் ஒரு முனையில் தண்ணீர்த் தொட்டி, மறுமுனையில் பூவரச மரம். பூவரசின் கீழே ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. விக்கெட் கீப்பருக்கு நேர் பின்னால். அதில் உட்கார்ந்தேன். வேறு காரணம் எதுவும் கிடையாது. பெண்பிள்ளை தனியாக உட்கார அங்கே வேறு இடமும் கிடையாது.

முதல் நாள் நான் பார்க்கப் போனது உங்கள் தம்பியை இல்லை. இன்னொரு பையனை. அவன் அன்றைக்கு ஆட வரவில்லை, உங்கள் தம்பி ஆடினான். ஓடி வருகிற ஓட்டம் நீளம், வீண். இடது கையைச் சீக்கிரம் இறக்கிவிடுவான். ஆனால் மணிக்கட்டு இருக்கிறதே, அது வேறு மாதிரி. பந்து கையை விட்டுப் போகிற கடைசி நொடியில் மணிக்கட்டு பின்னால் போய் அப்படியே முன்னால் விழும். அதைச் சொல்லிக்கொடுத்து வராது. போடும் முன்னால் காதைத் தேய்த்துக்கொள்வான், வலது காதை. சின்ன வயதிலிருந்தே அப்படியா? விக்கெட் விழுந்தால் கத்த மாட்டான், கீழே பார்த்துச் சிரிப்பான். இதெல்லாம் எழுத வேண்டியதில்லை, ஆனாலும் பார்த்தால் மனதில் தங்கிவிடுகிறது. வேகம் மணிக்கு நூற்றி இருபத்திரண்டு, இருபத்து மூன்று கிலோமீட்டர். பரவாயில்லை என்கிற வேகம்தான். சாரிடம் சொன்னேன். “ரெண்டு மூணு ஆட்டம் பாரு” என்றார்.

பார்க்கப் பார்க்க ஏறியது அக்கா. அதுதான் அதிசயம். அடுத்த தடவை நூற்றி இருபத்தாறு. அதற்கடுத்து இருபத்தெட்டு, ஒன்பது. ஆடிக் காற்று வீசுகிற காலம். தென்காசிப் பக்கமிருந்து வருகிற காற்று பூவரசையே ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும். வேகமாகப் போடுகிறவன் எவனும் காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும்படிதான் முனை கேட்பான், தள்ளிவிடுமே. உங்கள் தம்பி என்ன செய்தான் தெரியுமா? தொட்டி முனையைக் கேட்டான். அங்கிருந்து ஓடி வந்தால் காற்று நேராக முகத்தில் அடிக்கும். கேப்டன் பையன் கத்தியது எனக்கே கேட்டது.

“ஏலே சுடல, காத்து அங்கிட்டிருந்து அடிக்கி. நீ எதுக்குல அதுக்கு எதுக்க ஓடுத?”

“எனக்கு இந்தப் பக்கந்தான் வரும்.”

“வரும், வரும். ஏன் வராது? சவத்தெழவு, போடு.”

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்லிப்பில் நின்றவன் திரும்பி மரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பெல்லாம் முக்கியமாகப் படவில்லை. அன்று சாருக்கு அனுப்பிய குறிப்பில், ‘காற்றை எதிர்த்துப் போடுகிறவன், வசதி தேடாதவன்’ என்று எழுதினேன். சார் உடனே ஃபோன் செய்தார். “இந்த வரி அருமை. வேகம் எவன்கிட்ட வேணும்னாலும் இருக்கும், இந்தக் குணம் இருக்காது” என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் கண்டுபிடித்த பையன்.

அப்போதுதான், இடைவேளையில் முகம் கழுவத் தொட்டிப் பக்கம் போனபோது, அந்தப் பேச்சு காதில் விழுந்தது. அவ வந்தாச்சு, பய பறப்பான்.

புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். போனால் அதற்கும் ஏதாவது சொல்வார்கள். ஆட்டமும் பாதியில் இருந்தது. இருந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் சாரிடம் சொன்னேன்.

“சார், அவங்க என்னைத் தப்பா நினைக்கிறாங்க.”

“எப்படித் தப்பா?”

“அந்தப் பையனுக்கு வேண்டிய பொண்ணுன்னு.”

சார் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. “இதைவிட நல்ல மறைப்பு நம்மால ஏற்பாடு பண்ணவே முடியாது. அப்படியே இருக்கட்டும்மா.”

“எனக்கு ஒரு மாதிரியா இருக்கு சார். வேற யாரையாவது அனுப்புங்களேன்.”

“நடுவுல ஆளை மாத்தினா சந்தேகம் வரும். டிராஃப்ட் வரைக்கும்தானே. ஒரு நல்ல பையனுக்கு வாழ்க்கை கிடைக்கும், நினைச்சுப் பாரு.”

“வீட்டிலயாவது சொல்லட்டுமா?”

“வீட்டுல சொன்னா ஊர்ல சொன்ன மாதிரி.”

இதற்கு மேல் எனக்குப் பேச வராது அக்கா. ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னால் எனக்கு மறுக்க வராது.

அடுத்த ஆட்டத்தில் ரூபன் என்று ஒரு பொடியன், முதலாமாண்டாம், பேப்பர் கப்பில் டீ கொண்டுவந்தான். “அண்ணி, டீ.” நான் அண்ணி இல்லை என்று சொல்லலாம். சொன்னால் ‘அப்ப நீங்க யாரு?’ என்று கேட்பான். வாங்கிக் குடித்தேன். அவன் கூடையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், திரும்பி ஓடிப் போய் மற்றவர்களிடம், “சாப்பாட்டைத் தொறக்கவே இல்ல பாத்தியா? நாந்தான் சொன்னேம்லா, அண்ணனுக்காக வெரதம்” என்றான். அதிலிருந்து ஆட்டத்துக்கு ஆட்டம் அண்ணி டீ. வெளியூர் அணிக்காரர்கள்கூட, “அண்ணி வந்துட்டாங்கப்பா, இன்னிக்கு நம்ம கதை முடிஞ்சுது” என்று கேலி பேசுவார்கள். நான் குனிந்துகொள்வேன். குனிந்தால்தான் எண்ணும் தெரியும்.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், போகவில்லை. அன்று உங்கள் தம்பி ஒரு விக்கெட்கூட எடுக்கவில்லையாம். பி.டி. மாஸ்டர் தங்கதுரை, “என்னல, மாவாட்டுற மாதிரி போடுத?” என்று திட்டினாராம். அதை நான் குறிப்பில் சேர்க்கவில்லை. கண்ணால் பார்க்காத ஆட்டத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை. அது என் ஒழுங்கு.

அடுத்த வாரம் போனபோதுதான் உங்கள் தம்பி முதன்முதலாக என்னிடம் பேசினான். ஆட்டம் முடிந்து தோளில் பையோடு வந்து, அதைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றான். என்னைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்த்துப் பேசினான்.

“போன வாரம் வரல.”

“காய்ச்சல்.”

“இப்ப?”

“பரவால்ல.”

காதைத் தேய்த்துக்கொண்டான். “இன்னிக்கு எப்படிப் போட்டேன்?”

எனக்குத் தெரிந்த ஒரே பேச்சு அதுதான் அக்கா. கேட்டதும் சொல்லிவிட்டேன். “முன்னங்கால் விழும்போது பாதம் உள்ள திரும்புது. அதனாலதான் பந்து பேட்ஸ்மேன் கால் பக்கம் போகுது. இடது கையை இன்னும் கொஞ்சம் மேல வச்சிருந்தா சரியாயிரும்.”

உங்கள் தம்பி வாயைத் திறந்தபடி நின்றான். “இதெல்லாம் எப்படித் தெரியும்?”

“பாத்துப் பாத்துப் படிச்சேன்.”

“எதுக்கு?”

“பிடிக்கும்” என்றேன். கிரிக்கெட்டைத்தான் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்?

போய்விட்டான். போகும்போது பையை அங்கேயே விட்டுவிட்டான், ரூபன் வந்து எடுத்துக்கொண்டு போனான். அடுத்த ஆட்டத்தில் பாருங்கள், பாதம் நேராக விழுகிறது, இடது கை நின்று இறங்குகிறது. நூற்றி முப்பத்திரண்டு. தங்கதுரை மாஸ்டர் மூன்று வருஷமாக இதையே சொல்லிக் கேட்காத பையனாம். ‘சொன்னதை உடனே பிடித்துக்கொள்கிறவன், பயிற்சியாளருக்கு வசதியான பையன்’ என்று எழுதினேன். சார் அந்த வரியையும் பாராட்டினார்.

அப்புறம் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசுவோம். பந்துவீச்சைப் பற்றி மட்டும்தான். ஒரே ஒரு தடவை உங்களைப் பற்றிச் சொன்னான். அம்மா மாதிரி வளர்த்தது அக்காதான் என்றான். “அத்தான் ஒரு வருசம் டயம் குடுத்திருக்காக. அதுக்குள்ள ஏதாவது டீம்ல எடுத்தா சரி. இல்லேன்னா அவக டயர் கடையில நிக்கணும். அக்கா பேசித்தான் இந்த ஒரு வருசமே கெடச்சுது.”

“கடையில நிக்கிறது பிடிக்காதா?”

“ரப்பர் வாசம் ஒத்துக்காது. தல வலிக்கும்.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “எடுத்துருவாக. நீங்க வாரீங்கள்லா, அப்புறம் என்ன?” என்றான்.

நான் வருவதற்கும் எடுப்பதற்கும் உள்ள தொடர்பு அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன். தெரிந்திருக்கவில்லை. சும்மா சொன்னான்.

சங்கரன்கோவிலில் ஓர் ஆட்டம். சும்மா நட்புக்காக ஆடுகிற ஆட்டம், சார் போகச் சொல்லவில்லை. நானாகப் போனேன். எண்கள் அதிகம் இருந்தால் நல்லதுதானே. என் நல்ல நீலச் சுடிதாரை அன்றைக்குப் போட்டுக்கொண்டு போனேன் என்று அம்மா இப்போதும் சொல்லிக் காட்டுகிறாள். அது கிறிஸ்துமஸுக்கு எடுத்தது. துவைத்ததில் அதுதான் காய்ந்திருந்தது. அன்று நூற்றி முப்பத்து நான்கு. ஒரு பந்து ஸ்டம்பை மூன்று துண்டாக உடைத்தது. உங்கள் தம்பி கீழே பார்த்துச் சிரித்தான், பிறகு நிமிர்ந்து பார்த்தான்.

அங்கேதான் எங்கள் சபைக்காரர் ஒருவர் பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், எல்லார் முன்னாலும், “உங்க மக எவனோ ஒரு பயலுக்காக ஊர் ஊராப் போய்க் கிரவுண்டுல உக்காந்திருக்காளாமே, மெய்யா?” என்று அப்பாவிடம் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, “உன் வேலை என்ன?” என்றார்.

“கம்பெனி வேலைப்பா. தகவல் சேகரிக்கிறது.”

“எந்தக் கம்பெனி மரத்தடியில இருக்கு?”

என்ன சொல்வது? வெளியே சொன்னால் அவன் வாய்ப்புப் போய்விடும். சொல்லாவிட்டால் என் பெயர் போய்விடும். பேசாமல் நின்றேன். பேசாமல் நின்றதையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். மாதச் சம்பளம் வந்ததால் வேலையை விடச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கே போனாலும் அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டு, மதிலுக்கு வெளியே நின்று கூட்டிக்கொண்டு போவார். மைதானத்துக்கு உள்ளே வர மாட்டார். பையன்கள், “அண்ணிக்கு எஸ்கார்ட்டு வந்திருக்கு” என்று பேசிக்கொண்டார்கள். அவர்களுக்கு நான் அண்ணி. அப்பாவுக்கு ஓடுகாலி. சாருக்கு மறைப்பு. பூவரசுக்குக் கீழே உட்கார்ந்து, காற்று வீசுகிற திசையைப் பார்த்துக்கொண்டு, இது எப்போது முடியும் என்றுதான் இருந்தேன். ஆனால் முடியவும் வேண்டாம் என்றிருந்தது. வேலையைச் சொல்கிறேன். நல்ல வேலை அது.

டீயை வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா. அம்மா, கதவைத் திறந்தே வை, பரவாயில்லை.

சென்னைக்குப் போய் வந்த பிறகு என்னை ஆட்டம் பார்க்க அனுப்புவதில்லை. சார் வீடியோக்களை அனுப்புவார், யார் யாரோ போடுகிற பந்துகளை இந்த அறையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிக் கொடுக்கிறேன். காலையில் உட்கார்ந்தால் விளக்குப் போடும்வரை. முகம் தெரியாது, கை மட்டும் தெரியும். வரன் ஒன்று சாத்தான்குளத்திலிருந்து வந்தது. விசாரித்துவிட்டுப் போனார்கள், பிறகு சேதி இல்லை. விசாரிக்காமல் யார் எடுப்பார்கள்? நாங்களே எடுக்க மாட்டோம்.

அன்றைக்குச் சென்னையில் என்ன நடந்தது என்று உங்கள் தம்பி சொல்லவில்லை என்றீர்கள். கடையில் பேசாமல் நிற்கிறான், பந்தைப் பார்த்தால் எழுந்து போய்விடுகிறான் என்றீர்கள். சொல்கிறேன். நான் செய்ததையும் சேர்த்தே சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

என் குறிப்புகளைப் பார்த்துத்தான் டிரையலுக்குக் கூப்பிட்டார்கள். டிராஃப்டுக்கு முன்னால் எங்கள் அணி தனியாக வைக்கிற டிரையல், ஊருக்கு வெளியே ஒரு தனியார் மைதானம். இரண்டு ஓவர் போட வேண்டும். அதில் சாருக்குப் பிடித்தால் முடிந்தது, டிராஃப்டில் அவன் பெயரைத்தான் நாங்கள் முதலில் கூப்பிடுவோம். கன்னை நான்தான் பிடிக்க வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். “இனிமே ஒளிய வேண்டாம்மா, நம்ம டீம் டி ஷர்ட் போட்டுக்கோ.” அப்பா முதலில் விடவில்லை. சார் அப்பாவிடம் ஃபோனில் பேசினார். அப்பா, “இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று என்னிடம்தான் கோபப்பட்டார். கூடவே ரயிலில் வந்தார்.

உண்மையைச் சொல்கிறேன் அக்கா, அந்த ரயிலில் நான் தூங்கவில்லை, சந்தோஷத்தில். உங்கள் தம்பிக்கு எல்லாம் தெரியப் போகிறது. அவனைக் கண்டுபிடித்தது யார், அவனுக்காக ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டு எல்லாப் பேச்சையும் வாங்கியது யார் என்று தெரியப் போகிறது. என்ன சொல்வான் என்று யோசித்துக்கொண்டே போனேன். ரொம்ப நன்றி என்பான், அல்லது காதைத் தேய்த்துக்கொண்டு நிற்பான்.

கீப்பருக்குப் பின்னால் பந்தல் போட்டு, மேசை போட்டிருந்தார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். உங்கள் தம்பி கேட் வழியாக வந்து என்னைப் பார்த்தான். பையைப் போட்டுவிட்டு நேராக வந்தான். முகம் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, கீழே பார்க்காமல் சிரித்தான்.

“இங்கயும் வந்துட்டீங்களா? மெட்ராஸ் வரைக்குமா?”

“ஆமா.”

“யாரு கூட வந்தீங்க? தனியாவா? வீட்ல என்ன சொன்னீங்க?” என்னை அவன் கோபித்துக்கொள்கிற மாதிரி இருந்தது. பிறகு என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தான். குனிந்து வாசித்தான். பெனிட்டா என்று என் பெயர் போட்டு, அதற்குக் கீழே ஸ்கவுட் என்று போட்டிருந்தது. ஒரு வருஷத்தில் அவன் என் பெயரைக் கேட்டதே இல்லை என்று எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அதற்குள் சார் வந்து அவன் தோளில் கை போட்டார். “நீதான் காத்தை எதிர்த்துப் போடறவனா? இந்தப் பொண்ணுதான்டா உன்னை ஒரு வருஷமாப் பாக்குது. உன்னோட ஒவ்வொரு பந்தும் எங்ககிட்ட இருக்கு.” மேசைக்கு அடியிலிருந்து கூடையை எடுத்துக் காட்டினார். “இதுக்குள்ள கன்னை வச்சுக்கிட்டு! எவனும் கண்டுபிடிக்கலை பாரு.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

உங்கள் தம்பி கூடையைப் பார்த்தான். “அப்ப வெரதம் இல்லையா?” என்றான்.

“என்ன விரதம்?” என்றார் சார்.

“ஒண்ணுமில்ல சார்.”

பந்தை வாங்கிக்கொண்டு போனான். முதல் பந்து நூற்றிப் பதினெட்டு. எனக்குக் கன்னில்தான் கோளாறு என்று பட்டது. அடுத்தது நூற்றிப் பதினாறு. கால் நேராகத்தான் விழுந்தது, கை நின்றுதான் இறங்கியது, நான் சொல்லிக்கொடுத்தது எல்லாம் இருந்தது. வேகம் மட்டும் இல்லை. பயணக் களைப்பு அக்கா. பதிவு இல்லாத பெட்டியில் ராத்திரி முழுக்க நின்றுகொண்டே வந்திருக்கிறான், சென்னைப் புழுக்கம் வேறு. வேறு என்ன இருக்க முடியும்?

சார் பக்கத்தில் வந்தார். “என்னம்மா, நூத்தி முப்பத்திநாலுன்னு எழுதியிருந்த. அது இந்தப் பையன்தானா?”

“காத்தை எதிர்த்துப் போட்டா வரும் சார். முனையை மாத்திப் பாருங்க.”

“எந்தக் காத்தும்மா?” என்றார். பந்தலில் கட்டியிருந்த கொடி அசையாமல் தொங்கியது.

ஃபோன் வந்து, சார் பேசிக்கொண்டே அம்பயர் பக்கமாக நகர்ந்தார். மூன்றாவது பந்து நூற்றிப் பதினேழு. சார் அங்கிருந்தே, “எவ்வளவு?” என்று கேட்டார். கன்னின் முகம் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு நிமிஷம் டயர் கடை நினைவுக்கு வந்தது. நீங்கள் பேசி வாங்கிக் கொடுத்த வருஷம் நினைவுக்கு வந்தது. இந்தப் பையன் யாரென்று எனக்குத் தெரியும், இவன் நூற்றி முப்பத்து நான்கு போடுகிறவன், என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

“நூத்தி முப்பத்தொண்ணு சார்” என்றேன்.

நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதே கிடையாது. மைதானம் முழுக்கக் கேட்டது. சார் தலையாட்டினார். “இப்பதான் சூடு ஏறுது.”

அடுத்தது நூற்றிப் பதினாறு. “நூத்தி முப்பத்திரண்டு சார்.” சார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “கண்ணுக்கு அப்படித் தெரியலையே. கன் சொன்னா சரி” என்றார். பாருங்கள், என் வேலையில் நான் பொய்யாக ஓர் எண் சொன்னது அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. தெரிந்தால் என் வேலைக்கே ஆபத்து என்று தெரிந்துதான் சொன்னேன். அவனுக்காகச் செய்தேன். அதை அவன் நினைத்துப் பார்த்திருக்கலாம். நீங்களே சொல்லுங்கள், நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

ஐந்தாவது பந்தை உங்கள் தம்பி போட்டான். பேட்ஸ்மேன் காத்திருந்து, நிதானமாகத் தட்டிவிட்டான். எண் நூற்றிப் பதினான்கு. “எவ்வளவு?” என்றார் சார். “நூத்தி முப்பத்திமூணு” என்றேன்.

உங்கள் தம்பி தன் இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. பிட்ச்சின் நடுவில் நின்று என்னைப் பார்த்தான். பிறகு பேட்ஸ்மேனைத் தாண்டி, கீப்பரைத் தாண்டி, பந்தலுக்குள் வந்தான். “குடுங்க” என்றான், மெதுவாக. என்ன கேட்கிறான் என்று எனக்குப் புரிவதற்குள் கன் அவன் கையில் இருந்தது. அதன் முகத்தைப் பார்த்தான். எண் இன்னும் அழியவில்லை. அதை அப்படியே எடுத்துக்கொண்டு சாரிடம் நடந்து போனான். ஃபோனில் பேசிக்கொண்டிருந்த சாரின் முன்னால் நின்று, எண் அவருக்குத் தெரியும்படி திருப்பிப் பிடித்தான். அவர் பேச்சை நிறுத்தி வாசித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு கன்னை அவர் கையில் வைத்தான். கீப்பரிடமிருந்து பந்தை வாங்கி, கால்சட்டையில் ஒரு தடவை துடைத்து, வரிசையில் தனக்கு அடுத்து நின்ற பையனிடம் கொடுத்தான்.